பழைய போலீஸ் ஸ்டேஷனை ஏன் காக்க வேண்டும்?

கோயில் மதிலில் ஒரு கல் பெயர்ந்தாலும் ஊர் கூடிவிடும். பழைய காவல் நிலையம் இடிபடும்போது எட்டிப் பார்க்கவும் ஆள் இருக்காது. ‘கட்டடம் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது’ என்று பொதுப்பணித் துறை சான்று தரும். தேக்கு, இரும்பு, செங்கல் என்று மதிப்புப் போட்டு ஏலம் விடுவார்கள். பொக்லைன் வந்தால் இரண்டு மூன்று நாளில் இடம் காலி. அந்த இடத்தில், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பொருந்தக்கூடிய ஒரே மாதிரி வரைபடத்தில் புதுக் கட்டடம் எழும். பட்டுக்கோட்டை போன்ற தாலுகா தலைநகரங்கள் தம்முடைய பழைய அரசுக் கட்டடங்களை இப்படித்தான் சத்தமில்லாமல் இழந்துவருகின்றன.

பழைய காவல் நிலையத்தைக் காக்க வேண்டும் என்று சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கும். போலீஸ் ஸ்டேஷன் என்ன தஞ்சைப் பெரிய கோயிலா? இல்லைதான். ஆனால் ராஜாவும் ஜமீன்தாரும் கவிஞரும் வரலாற்றில் இடம்பிடிக்க அவரவருக்கு வேறு வழி இருந்தது. நிலமில்லாத கூலிக்காரருக்கும், வாய்க்கால் தகராறில் மண்டை உடைந்த சம்சாரிக்கும், காணாமல் போன மாட்டைத் தேடி வந்தவருக்கும் அரசாங்கம் என்பது முதன்முதலில் கண்ணில் பட்ட இடம் தாலுகா கச்சேரியும் அதை ஒட்டிய காவல் நிலையமும்தான். அவர்களுடைய பெயர் எழுத்தில் ஏறிய இடமும் அதுவே. சாமானியர்களின் வரலாற்றுக்குச் செங்கல்லில் சாட்சி வேண்டுமென்றால் இந்தக் கட்டடங்களை விட்டால் வேறு இல்லை.

மனோராவுக்குக் காவல் உண்டு

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் மரபுச் சின்னம் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளும் மனோராவைத்தான் காட்டுவார்கள். மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரையில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814–15இல் எழுப்பிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம் அது. அரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னம். பாதுகாப்பு இருப்பது நல்லது, சரியானதும்கூட. ஆனால் எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் கடற்கரையில் கோபுரம் நிற்கிறது. இந்த மண்ணிலேயே, இந்த மக்களுக்கே நடந்தவற்றுக்கு என்ன சின்னம் இருக்கிறது?

ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது, கோட்டைதான் இல்லை. தஞ்சை ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் போட்ட ரயில் பாதை 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது. 1902இல் பட்டுக்கோட்டையைத் தொட்டது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று ரயில் விட்ட அந்தப் பெருமையைச் சொல்ல ஊருக்குள் ஒரு பலகைகூடக் கண்ணில் படுவதில்லை. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய், மானாவாரிக் காடாகக் கிடந்த பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பகுதிகளை நெல் வயலாக்கியது. ‘புது ஆறு’ என்று மக்கள் இன்றும் சொல்லும் அந்தக் கால்வாயோடு வந்த கட்டுமானங்களையும் யாரும் மரபாகப் பார்ப்பதில்லை. 29 வயதில் மறைந்த கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். அவர் பாடிய உழைப்பாளி மக்கள் கைகட்டி நின்ற கட்டடங்களை மட்டும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கிட்டியும் அண்ணுந்தாளும்

தாலுகா ஊர்களில் காவல் நிலையம் என்று தனியாக ஒரு கட்டடம் எப்படி வந்தது என்பதே பலருக்குத் தெரியாத கதை. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியைப் பார்க்கிறோம். பிற்காலத்தில் ஊருக்கு ஊர் காவல்காரரும் தலையாரியும் இருந்தார்கள். பட்டுக்கோட்டையில் இன்றும் தலையாரித் தெரு இருக்கிறது. கம்பெனி ஆட்சி 1816இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம் தாசில்தாரையே போலீஸ் அதிகாரியாகவும் ஆக்கியது. கிஸ்தி வசூலிப்பவரும் அவரே. கைது செய்பவரும் அவரே. ஒரே கையில் இரண்டு சாட்டை.

அதன் விளைவை 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. வரி கட்ட முடியாத குடியானவர்களின் விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பதற்குப் பெயர் ‘கிட்டி’. தலை முழங்காலில் படும்படி ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டி, வெயிலில் மணிக்கணக்கில் போட்டு வைப்பதற்குப் பெயர் ‘அண்ணுந்தாள்’. இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் ஆங்கில எழுத்தில் அரசு அறிக்கையில் ஏறின. மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் நெடுந்தொலைவு நடந்துவந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அந்தக் குழுவில் இருந்த மூவரில் ஒருவர் எட்வர்டு எலியட். சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் இருந்தவர். பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அவருடைய பெயர்தான்.

அறிக்கை எழுப்பிய அதிர்ச்சி, 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் வருவதற்குப் பெரிய காரணமாக அமைந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. வில்லியம் ராபின்சன் தலைமையில் மாகாணத்துக்கு ஒரே போலீஸ் படை உருவானது. கச்சேரி வளாகத்துக்குள் தாசில்தார் அலுவலகம் ஒரு பக்கம், காவல் நிலையம் ஒரு பக்கம், சப்-ஜெயில் ஒரு பக்கம், மாஜிஸ்திரேட் கோர்ட் ஒரு பக்கம் என்று நம் தாலுகா ஊர்களின் முகம் மாறியது அதற்குப் பிறகுதான். அந்தக் குடியானவர்கள் சொன்ன சாட்சியத்துக்கு ஒருவகையில் கிடைத்த பதில்தான் தனிக் காவல் நிலையம். ஆனால் அடிப்பது அதோடு நின்றுவிடவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை நாடே பார்த்தது. 1855இலிருந்து 2020வரை நீளும் இந்தக் கதையை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல, அது நடந்த மாதிரியான ஒரு கட்டடத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

வலியும் மரபுதான்

பட்டுக்கோட்டைச் சீமைக்கும் போலீஸுக்கும் உள்ள உறவு எளிதானது அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபின் தென்மாவட்டங்களில் முழுச் சாதிகளே குற்றவாளிப் பட்டியலில் ஏற்றப்பட்டன. கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். 1947இல் அது சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. சீர்மரபினர் பட்டியலில் இன்றும் தஞ்சை வட்டாரத்துக் கந்தர்வக்கோட்டைக் கள்ளர் பெயர் இருப்பது அந்தக் காலத்தின் தழும்புதான். ரேகை வைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அதே காவல் துறையில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். இந்த மாற்றத்தின் அளவை உணர வேண்டுமென்றால் அன்றைய ஸ்டேஷன் வாசலில் போய் நிற்க வேண்டும்.

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடுபவர்களையும் இடம் கொடுப்பவர்களையும் தண்டிப்போம் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அந்த உத்தரவை ஊர் ஊராக நிறைவேற்ற வேண்டியிருந்தவர்கள் உள்ளூர் ஸ்டேஷன் போலீஸார்தான். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையை நடத்திச் சென்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. பக்கத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து மலேயா போய்த் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த கணபதியை ஆங்கிலேய அரசு 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டது. மறு ஆண்டு, அதே மே மாதத்தில், கடல் கடந்து போய்த் திரும்பிவந்து விவசாயக் கூலிகளைத் திரட்டிய வாட்டாக்குடி இரணியன் நம்முடைய சொந்த சுதந்திர அரசின் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்த நாட்களிலேயே அவருடைய தோழர் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் வீரவணக்கக் கூட்டம் நடக்கிறது, சுவரொட்டி ஒட்டுகிறோம். ஆனால் பள்ளிப் பிள்ளை ஒருவன் ‘அந்தக் காலத்தில் லாக்கப் எப்படி இருந்தது, வாரண்ட் எப்படி எழுதினார்கள், குற்றவாளிப் பட்டியலில் ஒருவரை எப்படிச் சேர்த்தார்கள்’ என்று கேட்டால் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட ஓர் இடம் இல்லை. துன்பம் நடந்த இடத்தை இடித்துவிட்டால் துன்பம் மறைந்துவிடாது. அதைப் பற்றிய சாட்சியம்தான் மறையும். அடிபட்டவருக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. அடித்தவருக்குத்தான் வசதி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

சென்னை எழும்பூரில் 1842 முதல் போலீஸார் இயங்கிவந்த பழைய ஆணையர் அலுவலகம் புதுப்பிக்கப்பட்டு, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கோவையில் போலீஸ் அதிகாரி ஹாமில்டன் பெயரில் 1918இல் கட்டப்பட்ட கிளப் கட்டடமும் காவல் அருங்காட்சியகமாகிவிட்டது. தஞ்சாவூரில் பழைய ஆட்சியர் அலுவலகம் அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. மனமிருந்தால் நம் அரசுத் துறைகளுக்கும் இது முடியும் என்பதற்கு இவை கண்முன்னே இருக்கும் சாட்சி.

மனமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. அண்ணாவும் கருணாநிதியும் அடைபட்டிருந்த, 1837இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறை 2009இல் தரைமட்டமானது. பெங்களூருவில் பழைய மத்தியச் சிறையை ‘சுதந்திரப் பூங்கா’வாக்கினார்கள், கண்காணிப்புக் கோபுரமும் சிறை அறைகளும் அங்கே நிற்கின்றன, நகரத்தின் போராட்டங்களும் அங்கேதான் நடக்கின்றன. இரண்டு நகரங்களுக்கும் ஒரே பிரச்சினைதான் இருந்தது: ஊர் நடுவில் காலியான ஒரு ஜெயில். வந்த விடைகள் வேறு.

பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர் சிங்கப்பூர். அங்கே ஹில் ஸ்ட்ரீட்டில் வண்ண வண்ண ஜன்னல்களோடு நிற்கும் ஆறு மாடிக் கட்டடத்தைப் பார்க்காமல் நம் ஊர்ப் பிள்ளைகள் திரும்புவதில்லை. 927 ஜன்னல்கள், அத்தனைக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 1934இல் கட்டப்பட்ட பழைய போலீஸ் ஸ்டேஷன் அது. போலீஸ்காரர்களின் குடும்பங்களும் அங்கேயே குடியிருந்தன. 1998இல் அதைத் தேசியச் சின்னமாக்கினார்கள். இன்று அங்கே அமைச்சக அலுவலகம் இயங்குகிறது. ஹாங்காங்கில் காவல் நிலையம், மாஜிஸ்திரேட் கோர்ட், சிறை மூன்றும் சேர்ந்த வளாகத்தைப் புதுப்பித்து 2018இல் கலை மையமாகத் திறந்தார்கள். 1931இல் ஹோ சி மின் அடைபட்ட சிறை அது. ஸ்டேஷன், கோர்ட், ஜெயில் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பது நம் தாலுகா கச்சேரியின் அமைப்புத்தானே! இடத்துக்குத் தங்க விலை கொடுக்கும் இந்த இரண்டு ஊர்களும் பழைய போலீஸ் ஸ்டேஷனை விட்டுவைத்திருக்கின்றன. ‘டவுனுக்கு நடுவில் இவ்வளவு இடம் வீணாகிறதே’ என்று நாம் அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கவனமாக இருக்க வேண்டும். போலீஸ் துறை நடத்தும் அருங்காட்சியகம் சீருடை, துப்பாக்கி, பதக்கம் ஆகியவற்றின் கதையை நன்றாகச் சொல்லும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டையில் அமையும் எந்தச் சின்னமும் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும். ராப்பகலாகப் பாரா நின்ற கான்ஸ்டபிளுக்கும், போலீஸ் லைனில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்திய ஏட்டின் மனைவிக்கும் ஒரு கதை உண்டு. லாக்கப்பில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவருக்கும் ஒன்று உண்டு.

சுண்ணாம்புச் சுவரும் சிமென்ட் பூச்சும்

இடிக்கும் முன் அதிகாரிகள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘கட்டடம் பலவீனமாகிவிட்டது.’ பல நேரம் அது உண்மை. ஆனால் ஏன் பலவீனமானது?

நூறாண்டுக்கு முந்தைய அரசுக் கட்டடங்களில் சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம் இருக்கும். செங்கல்லைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து: சுண்ணாம்பு, மணல், செங்கல் பொடியான சுர்க்கி; சில இடங்களில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீர். இந்தச் சாந்து மழையில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். கூரை மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு இறுக அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். அடித்து முடிக்கவே நாள்கணக்கில் ஆகும். தாழ்வாரத்தில் தூண் வரிசையும் ஓட்டுச் சார்ப்பும் இருந்தால் அது மனு கொடுக்க வந்தவர்கள் வெயில் படாமல் உட்காருவதற்கு.

பின்னால் வந்த பராமரிப்பு இந்தக் கட்டடத்தின் தன்மையைப் புரிந்துகொள்ளவில்லை. சாந்து உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசினார்கள். அதன் மேல் பளபளக்கும் எனாமல் பெயின்ட். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சிமென்ட் பூச்சு கெட்டியாக நிற்க, அதன் பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்தது. மொட்டை மாடியில் அரச மர விதை ஒன்று விழுந்து முளைத்தால், இலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவிடுவார்கள். வேர் சுவரைப் பிளந்து இறங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டையில் எத்தனையோ கூரைகள் பறந்தன. அப்படிப் பறந்த ஓட்டை உடனே மாற்றாமல் ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கடக்க விட்டாலே உத்தரம் உளுத்துவிடும். கட்டடம் வயதால் சாவதில்லை, கவனிப்பாரின்றிச் சாகிறது. அப்புறம் ‘பலவீனமாகிவிட்டது’ என்று சான்று எழுதுகிறோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான ‘மேரி’ 2014 நவம்பரில் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021இல் திறந்தார்கள். அதைக் கட்ட ஆனதில் ஒரு சிறு பங்கை முன்பே செலவழித்திருந்தால் அசல் கட்டடமே நின்றிருக்கும்.

என்ன செய்யலாம்?

புதிய காவல் நிலையம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெண் காவலர்களுக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் வேண்டும், புகார் தர வருபவர் உட்கார நாற்காலி வேண்டும், கேமரா வேண்டும். நூறாண்டுப் பழைய அறைகளில் இதையெல்லாம் திணிக்க முடியாது. 1981இல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் புதிய கட்டடங்களைக் கட்டட்டும், வேறு இடத்தில். பழையதன் தலையில் கட்ட வேண்டாம் என்பதுதான் கோரிக்கை.

முதல் வேலை ஒரு பட்டியல். சென்னைப் பெருநகர எல்லைக்குள் மரபுக் கட்டடங்களுக்குப் பட்டியலும் குழுவும் இருக்கின்றன. அதுவும் அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்காக உயர் நீதிமன்றம்வரை போய் 2010இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் உறுதிபெற்றது. தாலுகா ஊர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் மனோராவைக் காக்கும், கச்சேரியைக் காக்காது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இனியாவது அந்த ஆணையம் சென்னையைத் தாண்டி வர வேண்டும். பட்டுக்கோட்டை நகராட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பழைய அரசுக் கட்டடங்கள் அனைத்தையும் அளந்து, படமெடுத்துப் பட்டியலிட்டு ஆணையத்துக்கு அனுப்பலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

இரண்டாவது, இடிக்கும் அதிகாரத்துக்கு ஒரு கடிவாளம். நூறாண்டு கடந்த எந்த அரசுக் கட்டடத்தையும், பொதுப்பணித் துறையின் மரபுக் கட்டடப் பிரிவு நேரில் வந்து பார்க்காமல் தகுதியற்றதென அறிவிக்கக் கூடாது. சேப்பாக்கம் ஹுமாயூன் மகாலைச் சுண்ணாம்புச் சாந்திலேயே மீட்டெடுத்த அனுபவம் அந்தத் துறைக்கு இருக்கிறது. அந்தக் கைவேலை தெரிந்தவர்களைக் கொண்டு டெல்டா கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தால், வேலையும் கிடைக்கும், கட்டடமும் பிழைக்கும்.

மூன்றாவது, காகிதம். கட்டடம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய பதிவேடுகள்தான். குற்றச் சரித்திரப் பதிவேடு, பொது நாட்குறிப்பு, பழைய முதல் தகவல் அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் இத்தனை ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கெடு முடிந்தவற்றை அழிக்கும் முன் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி, பழையவற்றை ஸ்கேன் செய்து வைக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் கெடாதபடி எத்தனை ஆண்டுக்குப் பிறகு திறப்பது என்பதை விதியாக்கிக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஏட்டுகள், ரைட்டர்கள், எழுபது எண்பது வயதைத் தொட்ட விவசாயச் சங்கத்துக்காரர்கள் ஆகியோரின் பேச்சைப் பதிவுசெய்யும் வேலை இன்னும் அவசரமானது. அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நான்காவது, கட்டடத்துக்கு அன்றாட வேலை வேண்டும். பூட்டிவைத்த சின்னம் பாழாகும். முன்னறையில் வாசகசாலை, பின்னறையில் ஊர் வரலாற்றுக் காட்சி, தாழ்வாரத்தில் காவல் துறையே நடத்தும் சிறார் மன்றம், லாக்கப் அறை மட்டும் இருந்தபடி. நகராட்சி, காவல் துறை, ஊர்க்காரர்கள் மூவரும் சேர்ந்த ஒரு நிர்வாகக் குழு இருந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் நகராட்சி நிதிநிலை அறிக்கையில் நிரந்தரமாக ஒரு தலைப்பு வேண்டும்.

இவை எதற்கும் கோடிகள் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு நகர்மன்றத் தீர்மானம். ‘நம் ஊரின் பழைய காவல் நிலையம், கச்சேரி, சப்-ஜெயில், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றில் எஞ்சியிருப்பது எதையும் ஆய்வில்லாமல் இடிக்கக் கூடாது’ என்று அந்தத் தீர்மானம் சொல்ல வேண்டும். அதை நிறைவேற்றி ஆட்சியருக்கும் பாரம்பரிய ஆணையத்துக்கும் அனுப்பினால் தமிழ்நாட்டின் மற்ற தாலுகா ஊர்களுக்கும் பட்டுக்கோட்டை வழிகாட்டியாகும். சொந்தக் காசில் ரயில் விட்ட மாவட்டத்தின் ஊர் இது. முதல் அடி எடுத்துவைக்கப் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. பட்டுக்கோட்டைக்காரர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்த வாரமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்தத் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் வருகிறது?